லாபம்னா சேர்த்துக்குவாங்க... நஷ்டம்னா?

உடுமலை சந்தையில் தக்காளி விலையை விசாரித்தால் இரண்டே பதில்தான். ஒன்று, சிரித்துக்கொண்டே "வெலையைக் கேக்காதீங்க!" இன்னொன்று, பல்லைக் கடித்துக்கொண்டே "வெலையைக் கேக்காதீங்க!" 14 கிலோ பெட்டி என்ன விலைக்குப் போகும் என்பது, அதை வண்டியிலிருந்து இறக்கி வைக்கும் வரை வெள்ளாமை செய்தவருக்கே தெரியாது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் சில நாள் மிஞ்சுவது காலிப் பெட்டி. அதுவும் வாடகைப் பெட்டியாக இருந்துவிட்டால் போச்சு.

விவசாயிக்கு நஷ்டம் என்பது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். இல்லைதான். நான் சொல்ல வந்தது அந்த நஷ்டம் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குள் நுழையும்போது நடக்கிற கூத்தை.

எனக்கு ஆடிட்டர் ஆபீசில் பிழைப்பு. ஜூலை மாதம் பிறந்தால் போன் ஓயாது. போன வருஷம் தளி ரோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். ஊரில் தென்னந்தோப்பு.

"ஏனுங்ணா, சம்பளம் 18 லட்சம் வருதுங்க. தோப்புல 3 லட்சம் கையை விட்டுப் போச்சுங்க. அப்ப மிச்சம் 15 லட்சத்துக்குத்தானுங்களே வரி?"

"இல்லீங் தம்பி. பதினெட்டுக்கும் கட்டோணும்."

"அதெப்படீங்ணா? வீட்டுக் கடன் வட்டியில வர்ற நஷ்டத்தைக் கழிக்கறாங்களே! வீடு மட்டும் நஷ்டமாகலாம், தோப்பு நஷ்டமாகக் கூடாதுங்களா?"

நியாயமான கேள்வி. (பழைய வரி முறையில் வீட்டு நஷ்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது.) தோப்பு நஷ்டமானதும் அவர் குற்றமில்லை. சுருள் வெள்ளை ஈ என்ற சனியன் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே 2016-ல், பக்கத்துப் பொள்ளாச்சியில்தான். ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டை, மேலே கரி பூசினாற்போல் பூசணம். கூடவே வேர் வாடல். காய்ப்பு எங்கிருந்து வரும்?

கூட்டலும் கழித்தலும்

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போடுவதில்லை. அந்தச் சலுகை 1886-ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்திலிருந்தே உண்டு. நம் அரசியல் சட்டமும் விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. 1961-ஆம் வருஷச் சட்டம் போய் 2025-ஆம் வருஷச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. பிரிவுகளின் எண்கள்தான் மாறின, இந்தச் சலுகை மாறவில்லை.

லாபத்துக்கு வரி இல்லை என்றால் நஷ்டத்துக்கும் கழிவு இல்லை. சுப்ரீம் கோர்ட் இதை 1975-ல் ஹர்பிரசாத் கம்பெனி வழக்கில் தீர்மானித்தது. அது ஷேர் விற்ற நஷ்டம் பற்றிய வழக்கு. அந்த நஷ்டம் வந்த வருஷத்தில் மூலதன லாபத்துக்கு வரியே கிடையாது. கம்பெனியோ நஷ்டத்தைப் பத்திரமாக மூட்டை கட்டிப் பின்னால் வரும் வருஷங்களுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. கோர்ட் மறுத்துவிட்டது. நஷ்டம் என்பது மைனஸ் குறி போட்ட வருமானம். பிளஸ் எங்கே வரிக்கணக்கில் சேராதோ, அங்கே மைனஸும் சேராது என்பது தீர்ப்பின் சாரம்.

பின்வாசல் வழியாக நுழையலாமா என்றும் பார்த்தார்கள். நஷ்டமாகக் காட்டினால்தானே வம்பு, செலவாகக் காட்டினால்? பிரிக்க முடியாத ஒரே வியாபாரமாக இருந்தால், வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி விலக்கு இருந்தாலும் மொத்தச் செலவையும் கழிக்கலாம் என்று ராஜஸ்தான் மாநிலக் கிடங்குக் கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே 2000-ல் சொன்னது. டில்லியில் தூக்கம் போயிருக்க வேண்டும்! 2001 பட்ஜெட்டிலேயே 14ஏ என்று ஒரு பிரிவைச் சொருகினார்கள்: வரி இல்லாத வருமானத்துக்காகச் செய்த செலவுக்குக் கழிவு இல்லை. அதுவும் 1962-லிருந்தே அமல் என்று, 39 வருஷம் பின்னோக்கி. ஆகவே ஜவுளிக்கடை வைத்திருக்கும் அன்பர்கள் தோப்புக்கு வாங்கிய நகைக்கடன் வட்டியைக் கடைக் கணக்கில் எழுத வேண்டாம்.

இதுவரை எனக்குக் கோபமில்லை. அனுமதித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோயமுத்தூர் மில் முதலாளிகள் எல்லாரும் உடுமலையில் தோப்பு வாங்கி, நஷ்டப்படுவதற்கென்றே ஒரு மேனேஜரை வைப்பார்கள். லாபம் வந்தால் விவசாயம், நஷ்டம் வந்தால் வியாபாரம்!

என் கோபம் 1973 மேல்.

பொருளாதார நிபுணர் கே.என்.ராஜ் தலைமையில் ஒரு கமிட்டி 1972-ல் அறிக்கை கொடுத்தது. விவசாயத்திலும் வருமானம், வெளியிலும் வருமானம் என்று இருப்பவருக்கு இரண்டையும் கூட்டிப் பார்த்து வரி விகிதத்தை முடிவு செய்யலாம் என்றது. 1973 பட்ஜெட்டில் அது சட்டமாயிற்று. இன்றைக்கும் அதே. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், விவசாயத்துக்கு வரி கிடையாது... ஆனால் அதைச் சம்பளத்துக்கு அடியில் முக்காலி மாதிரி போட்டுச் சம்பளத்தை மேல்படிக்கு ஏற்றிவிடுவார்கள்.

அதாவது தோப்பில் லாபம் வந்தால், "வரி போட மாட்டோம், சும்மா கூட்டித்தான் பார்ப்போம்." நஷ்டம் வந்தால், "தோப்பா? எந்தத் தோப்பு?" கோர்ட் சொன்ன கணக்கில் பிளஸும் வெளியே, மைனஸும் வெளியே. பட்ஜெட் கணக்கில் பிளஸ் மட்டும் பாதி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளத் தயாரில்லை.

ஆனால் இதற்குள்ளேயே நம் தம்பிக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது, பலபேருக்குத் தெரியாத கதவு. விவசாய நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாதே தவிர, அடுத்த 8 வருஷங்களில் வரும் விவசாய லாபத்தில் கழிக்கலாம், அந்த முக்காலியின் உயரத்தைக் குறைப்பதற்காக.

2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கழிவெல்லாம் போகச் சம்பளம் 18 லட்சம் என்றால் வரி 1,60,000. தோப்பில் 4 லட்சம் லாபம் வந்தால் அதைக் கூட்டி விகிதம் பார்ப்பதில் வரி 2,30,000 ஆகிவிடும். முந்தைய வருஷத்து 3 லட்சம் நஷ்டத்தை முறையாகக் காட்டி வைத்திருந்தால் கூட்ட வேண்டியது 1 லட்சம்தான், வரி 1,75,000. வித்தியாசம் 55,000 ரூபாய். (செஸ் தனி.) அழுகிப் போன நஷ்டம் என்று நினைத்த சமாசாரம் ஒரு நல்ல பைக்குக்குப் பாதி விலை கொடுக்கிறது.

இந்த இடத்தில்தான் தம்பியிடம் கேட்டேன், "தோப்பு யார் பேர்ல இருக்குதுங்?"

"அப்பா பேர்லீங்ணா. பணம் அனுப்பறதுதான் நானு."

மகன் அனுப்பியது மகனுடைய பாசம். நஷ்டம் அப்பாவுடையது. பட்டா பேசும்போது பாசம் பேசாது.

வேலிக்கு அந்தப் பக்கம் புழு

உடுமலைக்காரர்களுக்குத் தென்னை, தக்காளி மட்டுமா? மல்பெரி இருக்கிறதே! இந்தப் பக்கம் மல்பெரித் தோட்டம், அந்தப் பக்கம் புழு வளர்ப்பு மனை. நடுவில் பத்தடிகூட இருக்காது. வருமான வரிச் சட்டத்துக்கு அந்தப் பத்தடிதான் எல்லைக் கோடு. தழை வளர்ப்பது விவசாயம், பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்பது விவசாயமில்லை என்று 1990-களின் கடைசியில் கர்நாடகத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் முடிவு கட்டிவிட்டது. புழு மண்ணில் முளைப்பதில்லையே!

இதைக் கேட்டதும் பட்டு விவசாயிகள் பதறுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். வரி உண்டு என்றால் நஷ்டமும் உண்டு. சொந்தத் தோட்டத்துத் தழையைப் புழுவுக்குப் போட்டால், அந்தத் தழையின் சந்தை மதிப்பை வியாபாரக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள 1962-ஆம் வருஷ விதிகளிலேயே வழி வைத்தார்கள். உதாரணத்துக்குத் தழை 60,000, முட்டை, கூலி, மருந்து 40,000. புழு நன்றாகத் தின்று கொழுத்து, கூடு கட்டுகிற நாளில் கொத்துக் கொத்தாகச் செத்துப்போனது (பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்), கூடு 70,000-க்குத்தான் போனது என்றால், 30,000 வியாபார நஷ்டம். வாடகை, பாங்க் வட்டி போன்ற வருமானத்தில் கழிக்கலாம். மிச்சத்தை 8 வருஷம் வரை வியாபார லாபத்தில் கழிக்கலாம். கோழிப்பண்ணைக்கும் மாட்டுப் பண்ணைக்கும் இதே கதைதான். சம்பளத்தில் மட்டும் கழிக்க முடியாது. அந்தக் கதவை 2004 பட்ஜெட்டில் சாத்தினார்கள்.

கதவு சாத்துவதற்கு முன் காற்று வாங்கியவர்களும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். 1990-களில் காற்றாலை போட்டால் அதன் விலையில் 100 சதவிகிதத்தையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழிக்கலாம் என்று சட்டம். மில் லாபத்தைக் காற்றாலையின் காகித நஷ்டம் அப்படியே விழுங்கிவிடும். கரண்ட் விற்ற வருமானம் வரிக்குட்பட்ட வியாபாரம், அதனால் அதன் நஷ்டத்துக்கு மரியாதை. அந்தத் தேய்மானம் 2017 ஏப்ரல் முதல் 40 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் பாருங்கள், ஒரே காட்டில் இறக்கை சுற்றினால் வரும் நஷ்டம் செல்லும், பக்கத்தில் தென்னை காய்ந்தால் வரும் நஷ்டம் செல்லாது!

அமெரிக்காவில் விவசாய லாபத்துக்கும் வரி உண்டு, ஆகவே நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் இடம் உண்டு. உடனே டாக்டர்களும் வக்கீல்களும் பண்ணை வாங்கிவிட்டார்கள்! "இது தொழிலா, பொழுதுபோக்கா?" என்று அரசாங்கம் கேட்கிறது. 5 வருஷத்தில் 3 வருஷம் லாபம் காட்டினால் தொழில் என்று நம்பும். குதிரை வளர்ப்பவருக்கு மட்டும் 7-ல் 2 போதும். நம்ம ஊர்த் தக்காளிக்கு அந்தப் பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவோமோ!

சரி, காரியத்துக்கு வருவோம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஒன்றாம் நம்பர் படிவத்தில் விவசாயத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் இடம். உங்கள் பேரில் நிலமிருந்து நஷ்டம் வந்தால் இரண்டாம் நம்பர் படிவத்துக்கு மாறுங்கள். பட்டு, கோழி என்றால் மூன்றாம் நம்பர். வரி விலக்கு வருமானம் எழுதும் அட்டவணையில் முந்தைய 8 வருஷ விவசாய நஷ்டத்துக்கென்றே ஒரு வரி இருக்கும். ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர் படிவத்தைப் பார்த்துக் காப்பியடித்தால் அது காலியாகவேதான் போகும். அதிகாரி தீர்மானிக்காத நஷ்டத்தை அடுத்த வருஷம் கழிக்க முடியாது, ஆகவே நஷ்டம் வந்த வருஷமே, கெடு தேதிக்குள் காட்டுங்கள். உரக்கடை பில், பறிப்புக் கூலி நோட்டு, மண்டிச் சீட்டு எல்லாம் வேண்டும். மண்டிச் சீட்டைப் பெரும்பாலும் பென்சிலில் கிறுக்கித் தருவார்கள். ஆடி மழையில் நனைவதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.