பல்லின் கறையும் பருகும் நீரும்

தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி ஹைதராபாத்தின் நாச்சாரத்திற்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். ஏழு வயதுச் சிறுவனுக்குப் பாற்பற்கள் விழுந்து புதிய முன்பற்கள் முளைக்கின்றன. அவற்றில் சுண்ணாம்பு தீற்றினாற்போன்ற வெண்கோடுகளும், ஆங்காங்கே பழுப்புக் கறையும் தென்படுகின்றன. சரியாகப் பல் துலக்கவில்லை என்று தாய் கடிந்துகொள்கிறாள்; கரித்தூளும் உப்பும் கொண்டு அழுத்தித் தேய்த்தும் விடுகிறாள். கறை போவதில்லை. சிறுவனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறான்.

அக்கறை அழுக்கன்று. பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், பல் முளைப்பதற்கு முன்பே ஈறுக்குள் உருவாகிறது. அக்காலத்தில் குழந்தை பருகும் நீரில் ஃப்ளூரைடு என்னும் உப்பு மிகுந்திருந்தால் எனாமல் பழுதுபடும். இன்று தெரியும் கறை, சில ஆண்டுகளுக்கு முன் பருகிய நீரின் சுவடேயாகும்.

நமது நாட்டில் இந்நோயை 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் ஆராய்ந்து வெளியிட்டனர். ஹைதராபாத்திற்குக் கிழக்கேயுள்ள நல்கொண்டா வட்டாரம் இந்நோயால் நெடுங்காலம் துன்புற்றது. தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அவ்வாறே துன்புற்றன. அவற்றிற்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது.

கேடு பல்லோடு நிற்பதில்லை. பல்லாண்டுகள் இத்தகைய நீரைப் பருகுவோருக்கு மூட்டுகள் இறுகும், முதுகெலும்பு வளைந்துகொடாது. நாச்சாரத்திற்கு அருகே தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிலையம் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் தொடங்கி, 1958-இல் நம்மைப்போலவே ஹைதராபாத்திற்குக் குடிவந்த நிலையம் இது. ஃப்ளூரைடு மிகுந்த பகுதிகளில் இளம் பருவத்தினரின் முழங்கால்கள் உட்புறமாக வளைவதைப் பற்றி இதன் ஆய்வாளர்கள் 1973-இல் எழுதினர். உணவில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் கேடு மிகும். ஆதலின் பாலும், கேழ்வரகும், கீரையும் குழந்தைகளுக்கு இன்றியமையாதவை.

ஒரு லிட்டர் நீரில் ஃப்ளூரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்திய அளவீடு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுவோர் அதனைப் பரிசோதித்துக் கொள்ளவேண்டும். காய்ச்சுவதால் கிருமிகள் மடியுமேயன்றி ஃப்ளூரைடு நீங்காது. நீர் சுண்டச்சுண்ட அதன் செறிவு கூடும். சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்தால் பெரும்பகுதி நீங்கும்.

இதைக் கேட்டு ஃப்ளூரைடு பற்பசையைக் கைவிடலாகாது. அளவோடு பயன்படுத்தினால் அது சொத்தையைத் தடுக்கும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவே போதும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்கவேண்டும். காலையிலும், இரவு உறங்குமுன்னும் பல் துலக்குதல் வேண்டும். கரியும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும், அவை வேண்டா.

படிந்துவிட்ட கறையைக் குறைக்கப் பல் மருத்துவத்தில் வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு நாச்சாரத்திலேயே மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே சென்று ஆலோசனை கேட்கலாம். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், வீட்டுக் குடத்து நீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்போமாக.