வீட்டிலும் தொழுவத்திலும் உள்ள பழைய மின்சாரக் கம்பிகள்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் நிலையம் 1937-லும், பாபநாசம் நிலையம் 1944-லும் வேலை தொடங்கின. அவற்றிற்குப் பின்னரே நமது தென் ஜில்லாக்களின் கிராமங்களில் மின்சார விளக்கு படிப்படியாகப் பரவலாயிற்று. பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், பாட்டனார் காலத்தில் இழுத்த கம்பி இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறது. விளக்கு எரிவதால் கம்பி நலமாயிருப்பதாகக் குடியானவர்கள் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் தவறாகும்.

சென்ற ஐப்பசியில் இப்பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கு ஒரு கறவைப் பசு தொழுவத்தில் இறந்து கிடந்தது. வீட்டார் பாம்புக்கடி என்று கருதினர். விசாரித்ததில், சில நாட்களாகவே அப்பசு தொழுவத்துள் நுழைய மறுத்ததாகத் தெரியவந்தது. கூரையைத் தாங்கிய இரும்புத் தூணில் டெஸ்டரை வைத்தபோது அது ஒளிர்ந்தது. கம்பியின் ரப்பர் உறை பொடிந்து, தாமிரம் தூணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அன்று காலையில் அவ்வீட்டம்மாள் அத்தூணருகே வெறுங்காலுடன் அமர்ந்து பால் கறந்திருந்தார்!

மாட்டின் முன்கால்களும் பின்கால்களும் தூரமாக ஊன்றியிருப்பதாலும், ஈரத்தரையில் நிற்பதாலும், மனிதர் உணராத சிறு கசிவும் அதைத் தாக்கும். ஆகையால் மாடு காரணமின்றி மிரண்டால் கம்பியையும் சந்தேகித்தல் வேண்டும்.

பழைய கம்பியை அறியும் அடையாளங்கள்:

(1) பீங்கான் கட்டைகளின் இடையே வெளிப்படையாக ஓடுவது.

(2) பள்ளமிட்ட மரச்சட்டத்துள் பதித்து, மேலே மரமூடி இட்டது. இதில் கறையானும் ஈரமும் மறைவாகச் சேதம் விளைவிக்கும்.

(3) தேக்கு ரீப்பர்மீது தகரக் கிளிப்புகளால் பிடிக்கப்பட்டது. இதில் பிற்காலத்துப் பி.வி.சி. கம்பியும் உண்டாகையால் உறையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

ரப்பர் கம்பியின் உறைமேல் பெரும்பாலும் நூற்பின்னல் இருக்கும். ரப்பரிலுள்ள கந்தகம் தாமிரத்தை அரிக்குமாதலால், அக்காலத்தில் தாமிரத்திற்கு ஈயம் பூசினர். எனவே அது வெண்மையாகத் தோன்றும். சுரண்டினால் உள்ளே செம்மை தெரியும். முழுதும் வெண்மையாயின் அது அலுமினியம். அலுமினியக் கம்பியின் இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடேறக் கூடியவை. இச்சோதனை வயர்மேன் செய்யத்தக்கது.

ரப்பர் உறை காலத்தாலும் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கும். விளக்கு ஹோல்டருக்கு அருகிலும் ஓட்டுக்கு அடியிலும் இது முதலில் நிகழும். கருகிய வாடை, சூடான ஸ்விட்ச், மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் உண்டாகும் நடுக்கம் ஆகியவை எச்சரிக்கைகளாம்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது பெருந்தவறு. பியூஸ் கெடுதல் கம்பியைக் காப்பதற்கே. மேலும், பழைய வீடுகளில் நியூட்ரல் கம்பியிலும் பியூஸ் வைத்திருப்பார்கள். அது மட்டும் உருகினால் விளக்கு அணையும். பேஸ் கம்பியிலோ மின்சாரம் நிற்கும். அணைந்த விளக்கை நம்பிக் கைவைத்தல் ஆகாது.

செய்யத்தக்கவை:

(1) பழைய கம்பியை அசைக்கவோ வளைக்கவோ வேண்டாம். மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்பும் மீட்டர்ப் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் உண்டு.

(2) கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி முதலியவற்றை அதில் இணைக்கலாகாது.

(3) தகுதிச் சான்று பெற்ற வயர்மேனைக் கொண்டு மெக்கர் கருவியால் சோதிக்கச் செய்க. ரப்பர் பொடிந்திருந்தால், பழையதோடு புதியதை ஒட்டுப்போடாமல் முழுதும் மாற்றுக. முழுவதற்கும் பணம் இயலாவிடில் தொழுவம், குளியலறை, சமையலறை ஆகியவற்றின் கம்பியை முதலில் மாற்றி, மற்றப் பழைய பகுதியின் இணைப்பைத் துண்டித்து வைக்கலாம்.

(4) மூன்று முள் பிளக்கும், முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனமும் அமைக்கச் செய்க.

(5) காய்ந்த மண் மின்சாரத்தை நன்கு கடத்தாது. சித்திரை, வைகாசி வெயிலில் எர்த்துக் குழிக்குத் தவறாது நீர் ஊற்றி வருக.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை நிறுத்துக. இயலாவிடில், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த கம்பினால் அவரை விலக்குக. மாடு சிக்கினாலும் இவ்விதமே. கயிற்றைப் பிடித்து இழுக்க ஓடலாகாது.

அடைமழை தொடங்குமுன், ஆவணி மாதத்திலேயே இச்சோதனையை முடித்துவிடுவது நலம். கறவை மாட்டின் விலையையும் கம்பி மாற்றும் செலவையும் ஒப்பிடலாம், உயிருக்கு ஒப்பீடில்லை.