நுண்கட்டுப்படுத்தி நீட்சிப் பலகைகளின் இயக்கி நூலகப் பராமரிப்பு

இயக்கி நூலகம் என்பது நுண்கட்டுப்படுத்தியுடன் இணைக்கப்படும் நீட்சிப் பலகையை இயக்கத் தேவையான நிரல்களின் தொகுப்பு ஆகும். ஆர்டுயினோ பலகைகளின் மேல் செருகப்படும் நீட்சிப் பலகைகள் ஷீல்டு எனப்படுகின்றன. 'மோட்டாரைச் சுழற்று' எனப் பயனர் ஒரு வரி எழுதினால், அதைச் சில்லுக்குரிய குறிகைகளாக மாற்றுவது நூலகத்தின் வேலை. நூலகத்தை ஒருமுறை எழுதிவிட்டால் போதாது. சுற்றியுள்ள மென்பொருளும் வன்பொருளும் மாறுவதால், ஓர் எழுத்துகூட மாற்றப்படாத நூலகமும் ஒருநாள் செயலிழக்கக்கூடும்.

மென்பொருள் மாறும்போது

2011 இறுதியில் ஆர்டுயினோ 1.0 வெளிவந்தது. நூலகங்கள் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பின் பெயர் 'டபிள்யூபுரோகிராம்' என்பதிலிருந்து 'ஆர்டுயினோ' என மாறியது. இரு கம்பித் தொடர்புக்கான வயர் நூலகத்தில் 'செண்ட்', 'ரிசீவ்' ஆகிய கட்டளைகள் முறையே 'ரைட்', 'ரீட்' என்றாயின. பழைய பெயர்களை நம்பியிருந்த நூலகங்கள் பிழை காட்டி நின்றன. பலகைகளில் பழுது ஏதும் இல்லை. மென்பொருளின் பதிப்பு எண்ணைச் சோதித்து, உரிய பெயரைத் தேர்ந்தெடுக்கும் சில வரிகளைச் சேர்ப்பதே தீர்வாக இருந்தது. அவ்வாறு திருத்தப்பட்ட நூலகம் பழைய மென்பொருளிலும் புதியதிலும் இயங்கியது.

நுண்கட்டுப்படுத்தி மாறும்போது

ஆர்டுயினோ ஊனோவின் முந்தைய வடிவங்களில் 8 பிட்டு ஏட்மெகா328பி சில்லு இருந்தது. 2023 இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில் 32 பிட்டு ரெனேசாஸ் சில்லு உள்ளது. ஊசிகளின் அமைப்பு மாறாததால் பழைய ஷீல்டை அதில் செருகலாம். ஆனால், பழைய சில்லின் பதிவகங்களை நேரடியாகக் கையாளும் நூலகம் அதில் இயங்காது.

வெளியே தெரியாத பிழைகளும் உண்டு. 'இன்ட்' எனும் தரவு வகை முந்தைய சில்லில் 2 பைட்டு. புதியதில் 4 பைட்டு. ஓர் உணரி −1 என்னும் மதிப்பை 2 பைட்டுகளில் அனுப்பினால், கவனமின்றி எழுதிய நூலகம் அதைப் புதிய சில்லில் 65,535 எனப் படிக்கும். நிரல் பிழையின்றி ஓடும். அளவீடு மட்டும் தவறாக இருக்கும். எனவே, அளவு உறுதி செய்யப்பட்ட தரவு வகைகளைப் பயன்படுத்துவது நல்லது.

நீட்சிப் பலகை மாறும்போது

அடாஃப்ரூட் நிறுவனத்தின் மோட்டார் ஷீல்டு முதல் பதிப்பு எல்293டி சில்லுகளைக் கொண்டு, ஊனோவின் பல ஊசிகளைப் பயன்படுத்தியது. இரண்டாம் பதிப்பு டிபி6612 சில்லுகளுக்கு மாறி, கட்டளைகளை இரு கம்பித் தொடர்பு வழியே பெறுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவற்றுக்குத் தனித்தனி நூலகங்கள் தேவைப்பட்டன.

பராமரிப்பாளரின் பணிகள்

• ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிய பதிப்பு எண் இடுதல். மூன்று பகுதி கொண்ட எண்ணில், பழைய நிரல்களைப் பாதிக்கும் மாற்றம் வந்தால் முதற்பகுதி உயர்த்தப்படும்.
• எடுத்துக்காட்டு நிரல்களை வெவ்வேறு பலகைகளுக்குத் தொகுத்துப் பார்த்தல்.
• கட்டளையை நீக்குமுன் எச்சரிக்கையுடன் சில பதிப்புகள் வரை விட்டுவைத்தல்.
• பிழை அறிவிப்பில் பலகை, பதிப்பு எண், இணைப்பு முறை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல்.

பொறுப்பு கைமாறுதல்

ஆர்டுயினோ நூலகத்தின் விவரக் கோப்பில் ஆசிரியர், பராமரிப்பாளர் என இரு தனி இடங்கள் உள்ளன. எழுதியவரே என்றும் பராமரிப்பார் என்பதில்லை. திறந்த உரிமம் குறிப்பிடப்பட்டிருந்தால், அவர் விலகிய பின்னும் வேறொருவர் நகலெடுத்துத் தொடரலாம். உரிமம் குறிப்பிடாத நூலகத்தைப் பிறர் திருத்தி வெளியிட முறையான அனுமதி இல்லை. அந்நிலையில் நல்ல நிலையிலுள்ள பலகையும் பயனற்றுப் போகக்கூடும்.