பழைய பிக்கப் வண்டியும் அதனைப் பேணும் முறையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நாட்டுப்புறங்களில் பிக்கப் என்னும் ஒருவகை மோட்டார் வண்டி பெருவழக்காயுள்ளது. முன்னே ஓட்டுவோனும் உடன்செல்வோரும் அமர்தற்குரிய சிற்றறை. பின்னே கூரையில்லாத சரக்குத் தொட்டி. இவ்விரண்டையும் தாங்குவது நீண்ட எஃகுச் சட்டம். வைக்கோற் கட்டும் விறகும் வேலிக்கம்பியும் கன்றுக்குட்டியும் ஏற்றிச் செல்லும் இவ்வண்டி, குடியானவனுக்கும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் வலக்கை போன்றது. ஃபோர்டு கம்பெனியார் 1925ஆம் ஆண்டிலே தம்முடைய மாடல் டி வண்டியின் பின்புறத்தில் இத்தகைய தொட்டியொன்றைத் தொழிற்சாலையிலேயே அமைத்து, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். அதற்கு முன்னரோவெனின், வண்டியை வாங்கியவர்கள் பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டுத் தாமே பலகை அடித்துக்கொண்டனர். ஆதலின் உடையவனுடைய கைவேலையிலேயே இவ்வண்டி பிறந்தது என்று கூறினும் பொருந்தும்.

ஐம்பது ஆண்டு கடந்த பிக்கப் வண்டிகள் பல இன்றும் அந்நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றை உடையோருட் பலர் பட்டறையை நாடாது, தத்தம் வீட்டுக் கொட்டகையிலே தாமே பழுதுபார்த்துக்கொள்கின்றனர். இயந்திரக் கல்வி பயிலாத ஒருவனுக்கு இஃது எங்ஙனம் இயலுகின்றது? அவ்வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு தொழிலையே செய்கின்றது. அத்தொழில் கண்ணுக்குப் புலனாகின்றது. அவ்வுறுப்பும் கைக்கு எட்டுகின்றது. பொறுமையும் ஒழுங்கான ஆராய்ச்சியும் உடையவன் எவனும் பழுதின் வேரைக் கண்டுபிடித்துவிடலாம். இதனை விளக்குதற்குப் பொதுப்பட எழுதிச் செல்லுதலினும், ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுதல் நலமாகும்.

ஃபோர்டு கம்பெனியார் செய்த எஃப்-100, எஃப்-150 என்னும் வண்டிகளிலே, 1965 முதல் 1996 வரையில், 300 கன அங்குலக் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டு வந்தது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும், பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவும் ஏறத்தாழ 4 அங்குலம். கிராங்க் தண்டை ஏழு தாங்கிகள் தாங்குகின்றன. கேம் தண்டைச் சுழற்றுதற்குப் பிற எஞ்சின்களில் உள்ள சங்கிலி இதில் இல்லை, பற்சக்கரங்களே உள. சங்கிலி தளர்ந்து அறும் தொல்லை இதனால் ஒழிந்தது. வேகத்தை விரும்புவோர் இவ்வெஞ்சினைப் பாராட்டுவதில்லை. ஆயினும் மெல்லச் சுழன்று பெரும்பாரம் இழுக்கும் எருது போன்ற இதன் இயல்பை உழவர் நன்கு அறிவர். முன்மூடியைத் தூக்கினால் எஞ்சினுக்கு இருபுறமும் வேண்டிய இடமுண்டு. ஸ்பானரோடு கையையும் உள்ளே செலுத்தித் திருப்பக் கூடிய இவ்விடைவெளியே பழைய வண்டியின் பெருஞ்செல்வம் என்போம்.

இனி, ஒரு குளிர்காலக் காலையில் அவ்வண்டி கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமில்லாதவன் முதலிற் செய்வது யாது? கடைக்குச் சென்று புதுப் பிளக்குகள் வாங்குவான், பயனில்லையெனின் கார்புரேட்டர், பின்னர்ப் பெட்ரோல் பம்பு. இவ்வாறு பணமெல்லாம் கரைந்தபின், பாட்டரியின் முனையில் வெண்பூப் பூத்திருந்ததே குற்றமெனக் காண்பான். ஊகித்து மாற்றுதல் பழுதுபார்த்தலாகாது. சோதித்துக் கண்ட பின்னரே மாற்றுதல் வேண்டும். எளிதிற் காணத்தக்கதை முன்னர்ச் சோதித்தல் வேண்டும்.

செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகின்றதா என்பது முதல் வினா. நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டு அளவினைக் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அவ்வளவு 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்குமாயின், பாட்டரியிலே குற்றம் இருத்தல் கூடும். இறங்காமலே மோட்டார் தயங்குமாயின், கம்பிகளையும் முனைகளையும் ஐயுறுதல் வேண்டும். பழைய வண்டிகளில் எர்த்துக் கம்பி சட்டத்தோடு சேருமிடத்தில் துரு ஏறி மின்சாரத்தைத் தடுத்துவிடும். விளக்கு மங்குதல், அளவுக் கருவி பொய் கூறுதல் ஆகிய பல தொல்லைகளுக்கு இவ்வொரு துருவே காரணமாயிருப்பதுண்டு. எர்த்து முனையை முதலிற் கழற்றிவிட்டு, சமையற் சோடாவைக் கரைத்த நீரால் முனைகளைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால், காசு செலவின்றி வண்டி பிழைத்தெழும்.

எஞ்சின் நன்றாய்ச் சுழன்றும் உயிர்பெறவில்லையாயின், தீப்பொறி உண்டா என்பது அடுத்த வினா. பிளக்கு ஒன்றைக் கழற்றி, அதன் கம்பியில் மீண்டும் செருகி, அதன் உடல் எஞ்சினின் இரும்பைத் தொடுமாறு வைத்து, ஒருவரை எஞ்சினைச் சுழற்றச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். பெட்ரோல் ஆவி பரவிய இடத்தில் இச்சோதனை ஆகாது. வெறுங்கையாற் பிளக்கைப் பிடித்தலும் ஆகாது. நீலநிறத்துப் பொறி பளிச்சென்று தோன்றுமாயின் நன்று. தோன்றாவிடின் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து நோக்குக. 1970க்களின் நடுப்பகுதி வரையில் வந்த வண்டிகளில், பாயிண்டு எனப்படும் இரு சிறு முனைகள் திறந்தும் மூடியும் பொறியை உண்டாக்கின; அவை கருகிப்போதலும், அவற்றின் இடைவெளி மாறுதலும் இயல்பு. மெல்லிய எஃகுத் தகடுகளாலான இடைவெளி அளவி ஒன்றும், ஒரு திருப்புளியும், அரைமணி நேரமும் இருப்பின் அதனைத் திருத்திவிடலாம்.

கழற்றிய பிளக்கை அப்படியே எறிந்துவிடாது உற்று நோக்குதல் நலம். அஃது எஞ்சினின் நாவாகும். முனை இளம்பழுப்பாயிருந்தால் எஞ்சின் நலமாய் எரிகின்றது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் கசிகின்றது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகுதி. அது பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று மிகுதலால் விளைவது.

கழற்றிய கம்பிகளை மீண்டும் இடம்மாறாமல் செருகுதல் வேண்டும். இவ்வெஞ்சினில் தீ மூளும் வரிசை 1-5-3-6-2-4 என்பது. இதிலே ஓர் அழகிய கணக்கு அமைந்திருக்கின்றது. முதலாவதும் நான்காவதுமாய் நிற்கும் எண்களைக் கூட்டுக: 1, 6, பின்னர் 5, 2, பின்னர் 3, 4. ஒவ்வோர் இணையும் ஏழாகின்றது. இணையான இரு பிஸ்டன்களும் ஒருங்கே மேலேறி ஒருங்கே இறங்குகின்றன. ஒன்று தீ மூண்டு உந்தப்படும்போது மற்றொன்று புதுக் காற்றை உட்கொள்ளத் தொடங்குகின்றது. இதனை அறிந்தவன் வரிசையை மறந்தாலும் பாதியைக் கொண்டு மீதியைத் தேடிக்கொள்வான். அறியாதவன் கம்பியை மாற்றிச் செருகுவானாயின், எஞ்சின் கார்புரேட்டரின் வாய்வழியே வெடியோசையுடன் தீயை உமிழும்.

பொறி உண்டெனின், பெட்ரோல் வருகின்றதா என்று காண்க. எஞ்சின் நின்றிருக்கும்போது காற்று வடிகட்டியை நீக்கி, கார்புரேட்டரின் வாயை நோக்கியவாறே வேகக் கம்பியைக் கையால் இழுத்தால், உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பாய்தல் வேண்டும். பாயவில்லையாயின் கிண்ணம் வறண்டிருக்கின்றது. பம்பும் வடிகட்டியும் குழாயும் சோதிக்கத்தக்கன. பழைய ரப்பர்க் குழாய்கள் இக்காலத்திற் கெட்டுப்போதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பாலானது 10 சதவிகிதம் எத்தனால் கலந்தது; அதனைத் தாங்குதற்கென்று அக்காலத்து ரப்பர் செய்யப்படவில்லை. குழாயை மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் வகையையே வாங்குதல் வேண்டும். கசியும் குழாயோடு ஓட்டப்படும் வண்டி தீப்பந்தத்திற்கு நிகரானது.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் எஞ்சின் வலியிழந்திருப்பின், அதன் மூச்சைச் சோதித்தல் வேண்டும். பிளக்குகளையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், சிலிண்டர்களின் அழுத்தம் தெரியவரும். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்பது ஃபோர்டு வண்டிகளுக்குரிய விதி. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி மீண்டும் அளந்தால், அழுத்தம் உயருமாயின் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன; உயராதாயின் வால்வு கசிகின்றது. எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்நோயை அறியும் இம்முறை எம்மை மிகவும் வியப்பித்தது. நாடி பிடித்து நோயுரைக்கும் வைத்தியரும் இதற்குமேற் செய்வது அரிது.

அன்றாடப் பேணுதலைப்பற்றி மிக விரித்தல் வேண்டா. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதலும், அச்சுக்கும் மூட்டுகளுக்கும் கிரீஸ் இடுதலும், மாட்டுவண்டிக்கு மை இட்டறிந்த நம்மவர்க்குப் புதியன அல்ல. எண்ணெய்க் கோலில் உள்ள எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்பதை மட்டும் நினைவிற் கொள்க. குளிர்நாட்டில் ரேடியேட்டரில் வெறுநீர் நிற்றலாகாது. உறைந்து விரியும் நீர் வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். உறைதடுப்பு மருந்தும் நீரும் சரிபாதியாய்க் கலந்தால், −37° சென்டிகிரேடு வரையில் அச்சமில்லை.

பிரேக்கைப்பற்றி அவ்வாறு சுருக்கிச் செல்லுதல் தகாது. 1967க்கு முற்பட்ட இவ்வண்டிகளில் நான்கு சக்கரத்துப் பிரேக்குகளும் ஒரே திரவத்தொகுதியைச் சார்ந்தன. ஓரிடத்தே குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே செயலற்றுப்போம். பிற்காலத்தில் முன்பின் என இரு கூறாக்கினர். டாட் 3 என்னும் பிரேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. புதிதாயிருக்கையில் அதன் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் 140 டிகிரி அளவிற்கும் இறங்கிவிடக்கூடும். நெடிய மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. ஆகவே திரவத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவோர் அறிவுடையோர். பழைய பிரேக்குக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தமையால், அத்தூளை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுதலும் கூடாது. எஃகு முட்டுக்கால்களை நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே புகுதல் வேண்டும். செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுத்தோர் அது நொறுங்கி உயிரிழந்ததுண்டு.

இவ்வளவும் எஞ்சின் முதலியவற்றைப் பற்றியன. ஆனால் பழைய பிக்கப்புகளுட் பெரும்பாலானவற்றைக் கொல்வது எஞ்சினன்று, துருவே. வட மாகாணங்களில் பனி உருகும்பொருட்டுச் சாலையில் உப்பைத் தூவுகின்றனர். மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரின் அடியிலேயே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கின்றது. மேலே வண்டியைச் செய்த ஊரின் கீழிருந்தே அதனைத் தின்னும் உப்பும் வருகின்றது என்பதை எண்ணுந்தோறும் நகைப்பு எழுகின்றது. உப்புநீர் தங்கும் மூலைகளே முதலில் அழியும்: அறையின் பின்மூலைகள், கதவின் கீழ்ப்படி, சக்கரத்தின்மேல் வளைவு, அறையைச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்கள் ஆகியன. கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே மடிகின்றது. ஒரு குச்சியால் அத்துளைகளைக் குத்தி விடுதலும், பனிக்காலத்தில் அடிப்பாகத்தைக் கழுவுதலும் ஆண்டுகளை நீட்டிக்கும். பழைய வண்டியை வாங்கப் புகுவோன் பளபளப்பான வண்ணத்தைக் கண்டு மயங்காது, சுத்தியலோடு அடியிற் சென்று சட்டத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரித்த எஃகு மந்தமாய் ஒலிக்கும், சிலபோது சுத்தியல் உள்ளேயே போய்விடும். தகட்டைத் தானே ஒட்டிக்கொள்ளலாம். சட்டத்தை ஒட்டவைத்தல் மட்டும் தேர்ந்த கொல்லனுக்கே உரியது.

பழையவை யாவும் சிறந்தவை என்பது எம் கருத்தன்று. அவ்வண்டிகள் இக்கால வண்டிகளினும் மிகுதியாகப் புகையை வெளியிடுவன. மோதலில் உயிர் காக்கும் காற்றுப்பையும் அவற்றுட் பலவற்றில் இல்லை. ஆயினும், 1996ஆம் மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களும் சிறு லாரிகளும், தம் பழுதைத் தாமே உணர்ந்து கணினிவழியே கூறும் பொதுவான அமைப்பைக் கொண்டிருத்தல் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. நாம் மேலே கூறிய 300 எஞ்சின் முடிவுற்றதும் அவ்வாண்டிலேயே. அதன்பின் வந்த வண்டிகளிற் கணினி மேன்மேலும் பெருக, பழுதைப்பற்றிய செய்தி யாருக்கு உரியது என்னும் வழக்கு எழுந்தது. வண்டியை விலைகொடுத்து வாங்கியவன் அதன் நோயை அறிய உற்பத்தியாளரின் இசைவை வேண்டி நிற்பதா? மாசச்சூசெட்ஸ் மாகாணத்து மக்கள் 2012ஆம் ஆண்டில் வாக்களித்து, பழுதுபார்க்க வேண்டிய செய்திகளை உடையவனுக்கும் தனிப்பட்டறைக்காரனுக்கும் அளித்தல் வேண்டுமென்று சட்டம் செய்துகொண்டனர். கம்பியில்லா வழியாய் வண்டி அனுப்பும் செய்திகளையும் அவ்வுரிமையில் அடக்குதற்கு 2020இல் மீண்டும் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் அதற்கு இசைந்தனர். உற்பத்தியாளர் சங்கத்தார் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர்.