நடந்தவர்களுக்கு என்ன பங்கு?

2025 ஜனவரி 7, செவ்வாய்க்கிழமை. மேலூரில் கடைகள் அடைத்துக் கிடந்தன. நரசிங்கம்பட்டியில் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. சாதி, கட்சி பாராமல் மேலூர் வட்டாரமே அன்று சாலையில் இருந்தது. பட்டா வைத்திருந்தவரும் நடந்தார். அவர் வயலில் நாற்று நடுபவரும் நடந்தார்.

அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களில் 2,015 ஹெக்டேர் நிலத்தை மத்திய அரசு 2024 நவம்பரில் ஏலத்தில் கொடுத்திருந்தது. தமிழகச் சட்டமன்றம் டிசம்பர் 9-ல் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் ஏலம் நின்றபாடில்லை. சாலையில் நடந்த பிறகே, ஜனவரி 23-ல் ரத்து என்ற செய்தி வந்தது. போராடியதற்காக 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது போட்ட வழக்குகளை மாநில அரசு திரும்பப் பெற்றது.

இது பெரிய வெற்றி. சந்தேகமே இல்லை. ஆனால் திருவாதவூர் பக்கத்துக் காலனிகளில் இருந்து பார்த்தால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நிலம் காப்பாற்றப்பட்டது. நிலமே இல்லாமல் நடந்தவர்களுக்கு இந்த வெற்றியில் என்ன பங்கு?

தெருவே ஒரு போராட்டம்

மற்றவர்களுக்குத் தெருவில் இறங்குவது போராட்டத்தின் தொடக்கம். நமக்குத் தெருவில் நடப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1924-ல். நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ல் நம்மவர்கள் நுழைந்தபோது, அந்தச் சிறு குழுவில் மேலூர் தும்பைப்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பி. கக்கன்.

ஆகவே நான்குவழிச் சாலையில் எல்லாச் சாதியும் ஒன்றாக நடந்த காட்சியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒற்றுமை ஊருக்குத் திரும்பிய பிறகும் நிலைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிரானைட் போட்ட கணக்கு

டங்ஸ்டனுக்கு முன்னால் இந்த வட்டாரம் பட்டது கிரானைட். மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-ல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அரசுக்கு இழப்பு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது அந்த அறிக்கை. அவர் மாற்றப்பட்டார். 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த விசாரணைக் காலத்தில்தான் ஆதாரம் அழிந்துவிடக் கூடாது என்று சின்னமலம்பட்டி சுடுகாட்டில் ஓர் இரவு முழுக்கப் படுத்துக் காவல் காத்தார்.

கோடிக் கணக்கைக் கேட்டு வாய் பிளக்கிறோம். அந்த இழப்பு யார் வீட்டு அடுப்பில் தெரிந்தது என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. குவாரிக் கழிவு ஓடையில் விழுந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. மேலூர்ப் பகுதி பெரியாறு–வைகைப் பாசனத்தில் ஒருபோகம். அந்த ஒரு போகமும் போனால் நாற்றுப் பறி இல்லை, நடவு இல்லை, களை இல்லை, அறுப்பு இல்லை. நிலம் வைத்திருந்தவர் விற்றாவது கொஞ்சம் பணம் பார்த்தார். கூலிக்குப் போனவர் எதை விற்பார்? திருப்பூருக்குப் பஸ் ஏறுவதுதான் வழி.

ஊழல் என்றால் கோட்டையில் நடக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறோம். அதன் முதல் ரசீது காலனிக்குத்தான் வருகிறது. அதைக் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள்.

இழப்பீட்டிலும் இதே கதை. 2013-ன் நிலம் எடுப்புச் சட்டம், எடுக்கப்படும் நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகவே சேர்க்கிறது. ஏட்டில் சரி. ஆனால் கூலி வேலைக்கு ரசீது யார் கொடுத்தார்கள்? வெள்ளைக்காரன் காலத்தில் 1892-ல் தொடங்கி நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கே பத்திரம் தேடி அலைகிறோம்.

நாற்காலியும் கணக்கும்

மேலவளவை மறந்துவிட்டு மேலூரில் ஊழல் பற்றிப் பேச முடியாது. 1996-ல் அந்த ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களின் வீடுகள் எரிந்தன. தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப் பெட்டி பறிபோனது. கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ல், எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்சில் திரும்பிய அவரையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

சாதி வெறி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதுதான் அடிப்படை. ஆனால் ஊராட்சித் தலைவர் நாற்காலி வெறும் கௌரவம் இல்லை. கண்மாய் மீன் ஏலம், மரம் ஏலம், ஊராட்சி வேலைகளின் காசோலை எல்லாம் அந்த மேசைக்கு வரும். அங்கே நம் ஆள் உட்கார்ந்தால் கணக்கு நோட்டு நம் கண்ணில் படும். அந்தப் பயமும் சேர்ந்துதான் அரிவாளை எடுத்தது.

இன்று அந்த நாற்காலி காலி. மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. டங்ஸ்டன் பேரணிக்கு இரண்டே நாள் முன்பு. அந்த ஆண்டு முழுக்கத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 முதல் 2019 வரையும் இப்படித்தான் ஓடியது. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும், ஒதுக்கீட்டில் வந்திருக்க வேண்டிய தலித் தலைவர், தலித் பெண் தலைவர் வெளியே நிற்கும் மாதம்.

வந்தியின் கூலி

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தவர் என்பது அவர் கதை. அதே கதையில்தான் வைகைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. ஆள் இல்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வருகிறார். கூலி, உதிர்ந்த பிட்டு. மதுரையில் ஆவணி மாதம் இன்றும் இதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

கதையில் கூலி முதலிலேயே கைக்கு வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்கு மண் சுமந்தவர்களுக்கு அப்படி வரவில்லை. 15 நாளில் கூலி என்பது 2005 சட்டம். ஆனால் மேலூர் மக்கள் சாலையில் நடந்த அதே நாட்களில், 2024 நவம்பர் கடைசியில் இருந்தே கூலி நின்றுபோயிருந்தது. மத்திய அரசு 4,034 கோடி ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது என்றது மாநில அரசு. 2025 மார்ச் 29-ல் ஆளுங்கட்சியே தமிழகம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஏப்ரலில் கூலி 319-ல் இருந்து 336 ரூபாய் ஆனது. டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 125 நாள் என்று புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். செலவில் 40 சதவீதம் இனி மாநிலத்தின் தலையில். விவசாய வேலை மும்முரமான நாட்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

கூலி நின்றால் முதலில் காலியாவது மளிகைக் கடைக் கடன் நோட்டில் உள்ள மரியாதை. அடுத்து மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணை. இந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். மண்ணைக் கொட்டாமல் தூங்கிய கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது என்கிறது கதை. நடப்பில் அது கூலிக்காரர் முதுகோடு நின்றுவிடுகிறது.

கடல் கடந்த பாடம்

நம் மாவட்டங்களில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் இலங்கை மலையகத்தில் இருக்கிறார்கள். 2022-ல் அந்த நாடு திவாலானபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடி, 14-ம் தேதி பதவி விலகினார். பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்கள் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஜனாதிபதி போனார். ஆனால் மலையகத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021-ல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாயைத் தாண்ட 2024 வரை இழுத்தது. தெரு ஆட்சியை இறக்கிவிடலாம். கூலிக்காரரின் கோரிக்கை, போராட்டம் தொடங்கும்போதே பட்டியலில் இல்லை என்றால், முடிந்த பிறகு அதை யாரும் சேர்ப்பதில்லை.

இனி என்ன?

டங்ஸ்டனை எதிர்த்து நடந்தவர்கள் பழகிய வழியிலேயே அடுத்த அடியை வைக்கலாம். குடியரசு நாள் தொடங்கி உள்ளாட்சி நாள் வரை ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. அவற்றில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரக் கூடாது. கண்மாய் மீன் ஏலம் எவ்வளவு போனது, நூறு நாள் வேலைக்கு யார் யார் பெயரில் பணம் ஏறியது என்று கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும். 2005 சட்டம் நமக்குக் கொடுத்த பெரிய ஆயுதம் சமூகத் தணிக்கை. சட்டத்தின் பெயர் மாறலாம். கணக்குக் கேட்ட பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. ஊராட்சித் தேர்தலை நடத்து என்பதும் நம் முதல் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பட்டாதார் விவசாயிகளிடம் நேராகவே சொல்ல வேண்டும். உங்கள் நிலத்துக்காக நாங்கள் நடந்தோம். அது எங்கள் பிழைப்பும்தான், மறுக்கவில்லை. எங்கள் கூலிக்காக, எங்கள் பஞ்சமி நிலத்துக்காக, எங்கள் தலைவர் உட்கார வேண்டிய நாற்காலிக்காக நீங்களும் ஒரு நாள் அதே சாலையில் எங்களோடு நடங்கள்.

மேலூருக்கு இது புதிதல்ல. திருவாதவூர் ஓவாமலையில், யார் செய்து கொடுத்தது என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொதுப்பணித் துறைக்கும் உள்துறைக்கும் அமைச்சராக இருந்த கக்கன், பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனைப் பொது வார்டில் படுத்திருந்தார். கணக்கை எல்லோரும் பார்க்க வைப்பதும், பொதுப் பணத்தில் கை வைக்காமல் இருப்பதும் இந்த மண்ணுக்குத் தெரியும். தெரிந்ததை இனி ஊராட்சி அலுவலக வாசலில் நின்று கேட்க வேண்டியதுதான் பாக்கி.