மௌனமான வழிப்படுத்தியை மீட்டல்

வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள கணினிகளையும் கைபேசிகளையும் இணையத்தோடு தொடுத்து வைக்கும் சிறு பெட்டிக்கு ரவுட்டர், அதாவது வழிப்படுத்தி, என்று பெயர். தபாற்கந்தோரிலே கடிதங்களைப் பிரிப்பவர் முகவரியைப் பார்த்து ஒவ்வொன்றையும் அதற்குரிய பையில் இடுவது போல, இப்பெட்டியும் தன்னிடம் வந்து சேரும் தகவற் பொதிகளை முகவரி நோக்கி உரிய திசையில் அனுப்புகின்றது. இவ்வேலையைச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கணினி; அக்கணினியை இயக்குவது அதனுள் பதிக்கப்பட்ட மென்பொருள்.

மென்பொருள் மனிதர் எழுதுவது. ஆதலால் அதிற் குறைகள் நேர்வது இயல்பு. அக்குறைகளைத் திருத்தாது விட்டால் விளையும் கேடு சிறிதன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வி.பி.என். பில்ரர்' என்னும் தீய செய்நிரலொன்று குறைந்தது 54 நாடுகளில் ஏறத்தாழ 5 இலட்சம் கருவிகளுட் புகுந்திருந்தமை வெளியாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை, ஏற்கெனவே அறியப்பட்ட குறைகளை உடைய வழிப்படுத்திகளாகும். ஆகவே மென்பொருளைக் காலந்தோறும் புதுப்பித்தல் அவசியம். ஆயினும் பலர் அதனைச் செய்யத் தயங்குகின்றனர். புதுப்பிக்கப் போய், நன்றாக இயங்கிய பெட்டி அடியோடு செயலிழந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

அந்த அச்சத்திற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வழிப்படுத்தியின் மென்பொருள் 'பிளாஷ்' எனப்படும் நினைவகத்திலே தங்கியிருக்கின்றது. மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாதிருப்பது இந்நினைவகத்தின் சிறப்பு. ஆனால் இதிலுள்ள பழைய எழுத்தின் மேல் புதியதை அப்படியே எழுத இயலாது. முதலில் ஒரு பகுதியை முழுவதும் அழித்து, அதன் பின்னரே அங்கு புதியதைப் பதிக்க வேண்டும். அழித்தலுக்கும் பதித்தலுக்கும் இடையில் மின்சாரம் தடைப்பட்டாலோ, வேறொரு மாதிரிக்குரிய கோப்புத் தவறுதலாக இடப்பட்டாலோ, பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலை உண்டாகும். விளக்கு எரியும்; பெட்டி பேசாது. இத்தகைய பெட்டியைத் தொழில்நுட்பத்தார் 'செங்கல்' என்று வேடிக்கையாக அழைப்பர்.

அவ்வாறாயின் பெட்டி இறந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. நினைவகம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். முதற் பிரிவில் இருப்பது 'தொடக்கி' எனப்படும் மிகச் சிறிய செய்நிரல். அடுத்துள்ள பெரும் பிரிவில் பிரதான மென்பொருள் இருக்கின்றது. பயனாளரின் கடவுச்சொல் முதலிய அமைப்புகள் பிறிதோரிடத்திற் பாதுகாக்கப்படுகின்றன. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது தொடக்கியே. அது நினைவகத்தையும் வலைத்துறையையும் ஆயத்தஞ் செய்து, பிரதான மென்பொருளை எழுப்பிவிட்டு விலகிக்கொள்ளும். சாதாரணமான புதுப்பித்தலில் தொடக்கி தொடப்படுவதில்லை. மாளிகை இடிந்தாலும் வாயிற்காவலன் உயிரோடிருக்கின்றான். அவனோடு பேசத் தெரிந்தால், மாளிகையைத் திரும்பவும் எழுப்பலாம்.

இதற்குச் சிறந்த சான்று லிங்சிஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி என்னும் வழிப்படுத்தியாகும். அதன் மென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டமையால், உரிமத்தின் விதிக்கிணங்க அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. 2004இல் அதனைத் தழுவி 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.' என்னும் திறந்த மென்பொருள் முயற்சி தொடங்கிற்று. ஆர்வலர் பலர் தத்தம் பெட்டிகளிற் புதிய மென்பொருளை இட்டுச் சோதித்தனர். பெட்டிகள் பல மௌனமாயின. அவற்றை மீட்கும் முறையும் அச்சோதனைகளிலிருந்தே தெளிவாகியது.

இவ்வழிப்படுத்தியின் தொடக்கி, பிரதான மென்பொருளை எழுப்புமுன் அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்கும். எண் பொருந்தாவிடின், மென்பொருள் பழுதுபட்டதென அறிந்து, வெளியிலிருந்து புதிய கோப்பு வருமென்று காத்திருக்கும். எண் பொருந்தியும் மென்பொருள் ஓடாதிருப்பதே இடர்ப்பாடான நிலை. அப்பொழுது தொடக்கி எவ்வித ஐயமும் கொள்ளாது கடமையை முடித்துவிடும். இதற்கெனவே, ஒவ்வொரு முறையும் சில விநாடி காத்திருக்குமாறு தொடக்கிக்குக் கட்டளையிடும் அமைப்பொன்று உண்டு. முன்யோசனை உள்ளோர் புதிய மென்பொருளை இடுமுன்னரே அதனை இயக்கி வைத்தனர்.

காத்திருக்கும் தொடக்கிக்குக் கோப்பை அனுப்பப் பயன்படுவது ரி.எவ்.ரி.பி. எனப்படும் எளிய கோப்பு அனுப்பு நெறிமுறை. நோயல் சியாப்பா முதலில் வகுத்த இந்நெறிமுறையை 1981ஆம் ஆண்டில் கரன் சொலின்ஸ் ஆவணமாக வெளியிட்டார். கோப்பு 512 பைற்றுத் துண்டுகளாக அனுப்பப்படும். ஒரு துண்டு கிடைத்ததென்று மறுமொழி வந்த பின்னரே அடுத்தது செல்லும். 512இற்குக் குறைந்த துண்டு வந்தால் கோப்பு முடிந்ததென்பது பொருள். 3 மெகாபைற்றுக் கோப்பு ஏறத்தாழ 6,000 துண்டுகளாகச் செல்லும். கடவுச்சொல் இல்லை, வேறு சடங்குகளும் இல்லை. இவ்வெளிமையினாலேதான் அது மிகச் சிறிய தொடக்கிக்குள்ளும் அடங்குகின்றது.

மீட்கும் முறை பின்வருமாறு. கணினியையும் வழிப்படுத்தியையும் வலைக்கம்பியால் இணைத்தல் வேண்டும். பிரதான மென்பொருள் இயங்காத நிலையிற் கம்பியில்லாத் தொடர்பு உதவாது. இந்த வழிப்படுத்தியின் தொடக்கி 192.168.1.1 என்னும் முகவரியில் நிற்பதால், கணினிக்கு 192.168.1.2 என்னும் நிலையான முகவரியைக் கையாலேயே கொடுத்தல் வேண்டும். முகவரி வழங்கும் வேலையைச் செய்து வந்தது வழிப்படுத்தியின் பிரதான மென்பொருளாதலால், இப்பொழுது அதனை எதிர்பார்த்திருத்தல் பயனற்றது. அம்மாதிரிக்கே உரிய கோப்பை ஆயத்தமாக வைத்து, அனுப்பும் செய்நிரலை முதலில் ஓடவிட்டு, அது மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கையில் வழிப்படுத்திக்கு மின்சாரம் கொடுத்தல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வழிப்படுத்தி அணைந்திருக்கும்போது கணினி தன் கம்பி அறுந்ததாகக் கருதும். மின்சாரம் வந்தபின் இணைப்பை அது உணர்ந்து விழிப்பதற்குள் தொடக்கி காத்திருக்கும் விநாடிகள் கழிந்துவிடும். பலருடைய முயற்சி தோற்பது இதனாலேயே. இரண்டிற்கும் இடையில் ஒரு சாதாரண வலை ஆளியை வைத்தால், கணினியின் இணைப்பு அறாது, இத்தொல்லையும் நீங்கும்.

கோப்புச் சென்று சேர்ந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. அதனை நினைவகத்திற் பதிக்கச் சில நிமிடங்கள் செல்லும். அதற்குள் பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்துவது, முதலில் நேர்ந்த விபத்தையே மறுபடியும் வரவழைப்பதாகும். பெட்டி தானாக மறுபடி தொடங்கிய பின், பழைய அமைப்புகள் புதிய மென்பொருளோடு முரண்படாதிருக்க, அவற்றைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல் நன்று.

தொடக்கியே அழிந்துபோனால் இம்முறை பயன்படாது. அப்பொழுது பெட்டியைத் திறந்து, 1990இல் தரப்படுத்தப்பட்ட 'ஜேற்றாக்' என்னும் சோதனை இணைப்பின் வழியாக நினைவகத்தை நேரே எழுத நேரும். தொடக்கி உயிரோடிருந்தும் வலைவழியே மறுமொழி தராவிடின், மின்சுற்றுப் பலகையிலுள்ள தொடர்நிலை இணைப்பின் மூலம் அதன் செய்திகளை வாசிக்கலாம். அவ்விணைப்பு பெரும்பாலும் 3.3 வோல்ற்றில் இயங்குவது. பழைய கணினிகளின் தொடர்நிலைத் துறையை அதனோடு நேரே இணைத்தால், மிகுந்த மின்னழுத்தத்தால் பலகை எரிந்துபோகும். ஆதலால் இவை பயின்றவர் செய்யத்தக்க வேலைகள்.

முறைகள் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். சில வழிப்படுத்திகளில் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் தொடக்கி விழித்திருக்கும். வேறு சில, மென்பொருளின் இரு பிரதிகளை வைத்திருந்து, ஒன்று பழுதுபட்டால் மற்றதற்கு மாறிக்கொள்ளும். ஆயினும் எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: தொடப்படாத ஒரு சிறு பகுதி உள்ளே எஞ்சியிருக்க வேண்டும்.

இவற்றை அறிந்தவர் புதுப்பித்தலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாதிரியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் பெட்டியின் அடியிற் பார்த்து உறுதி செய்தல், கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடல், அமைப்புகளைக் குறித்து வைத்தல், மின்சாரம் தடைப்படாத வேளையைத் தேர்தல் ஆகியன முன்னேற்பாடுகள். இவற்றுள்ளும் தலையாயது, மீட்புக்குரிய கோப்பையும் குறிப்புகளையும் முன்கூட்டியே கணினியிற் சேமித்து வைத்தலாகும். வழிப்படுத்தி மௌனமான பின் அவற்றைத் தேடிச் செல்ல வேண்டிய பாதை, அந்த வழிப்படுத்தியின் ஊடாகவே செல்கின்றது.