உப்பளக் கரையில் ஓர் ஆபிரிக்கத் தாளம்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கற்பிட்டிக்கு வழி பிரியும் இடம் பாலாவி. மேற்கே களப்பு, அதன் கரையிலே வெயிலில் மின்னும் உப்பளங்கள். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா வந்துவிட்டால் யாத்திரிகர் கூட்டம் இச்சந்தியைக் கடந்தே செல்லும். உப்புக்கும் காற்றுக்கும் பேர்போன இவ்வூருக்கும், 1960களில் உலகத்து இளைஞரை ஆட்டிவைத்த ரொக், சோல் முதலிய இசைகளுக்கும் யாது தொடர்பு என வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரை.

வானொலியும் வீட்டுப் பிணக்கும்

நாம் மாணவராயிருந்த அந்நாளில் வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி கிடையாது. இருந்த வீட்டிலே மாலையானதும் அயலவரும் கூடிவிடுவர். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலைக் கேட்கப் பெரியோர் காத்திருப்பர். அவர்கள் உறங்கிய பின்னர், நாம் ஒலியைத் தாழ்த்தி ஆங்கில ஒலிபரப்பைத் திருப்புவோம். எல்விஸ் பிரெஸ்லி பாடுவார். பீட்டில்ஸ் குழுவினர் பாடுவர். "இது சங்கீதமா, சந்தைக் கூச்சலா?" என்று உள்ளறையிலிருந்து தந்தையாரின் குரல் எழும். பெட்டி உடனே மௌனமாகும்.

மேனாட்டு மோகம் மேனாட்டுப் பாட்டோடு நின்றுவிடவில்லை. 1966ஆம் ஆண்டளவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அன்னெஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' என்னும் குழுவின் மூலம் மின்கித்தார் இசையோடு சிங்களப் பாடல்களை வழங்கினர். அத்தசாப்தத்தின் பிற்பகுதியிலே நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று பேச்சுத் தமிழிலேயே பாடி மேடைகளைக் கலகலக்கச் செய்தார். பின்னர் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது. துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் நம்மவர் இதனை அழைத்தனர். இப்பாடல்களுட் பல பைலாத் தாளத்தில் அமைந்தவை. ஆதலின், "அந்நியக் கூத்து" என்ற பழி இவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும், பழி கூறிய அதே தந்தையார் ஒரு கல்யாண வீட்டில் பைலாத் தாளத்துக்கு இசைய மேசையை விரலால் தட்டியதை நாம் கண்ணாரக் கண்டதுண்டு!

சபையின் குரல்

சோல் என்றால் ஆன்மா. அமெரிக்காவிலே, அடிமைகளாய்க் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் தம் தேவாலயங்களில் பாடிய பக்திப் பாடல்களே இவ்விசையின் தாய். ஒருவர் அழைக்க, சபையார் மறுமொழி பாடுவர். சாம் குக்கும் அரீத்தா ஃபிராங்ளினும் தேவாலயத்தில் பாடிப் பழகியே புகழ்மேடை ஏறியவர்கள். 1962 ஒக்டோபர் 24ஆம் நாள், நியூயோர்க்கின் அப்பலோ அரங்கிலே ஜேம்ஸ் பிரௌன் பாடிய நிகழ்ச்சியை இசைத்தட்டாக்க அவரது கம்பனி முதலாளி விரும்பவில்லை. ஆகவே அவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டே அதனை ஒலிப்பதிவு செய்வித்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த அத்தட்டு, அறுபது வாரங்களுக்கு மேலாக விற்பனைப் பட்டியலில் நிலைத்து நின்றது. பாடுவோனுக்கும் கேட்போருக்கும் இடையே நிகழும் அழைப்பும் மறுமொழியுமே அந்த இசையின் உயிர் என்பதை முதலாளி அறியார், பாடகர் அறிந்திருந்தார்.

அயலிலே ஒரு சிற்றூர்

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். பாலாவியிலிருந்து புத்தளம் நகரைக் கடந்து அநுராதபுரச் சாலையில் சிறிது தூரம் சென்றால் சிறாம்பியடி என்னும் சிற்றூர் உள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவராட்சியிலும் போர்வீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியார் சிலர் இங்கே வாழ்கின்றனர். காப்பிரியர் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். படையணி கலைக்கப்பட்ட பின் இவர்களின் முன்னோர் இப்பகுதியிலேயே தங்கினர். உப்பளங்களிலும் வேலை செய்தனர்.

அவர்கள் பாடும் பாட்டுக்கு 'மஞ்சா' என்று பெயர். ரபானும், தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும் கரண்டியுமே வாத்தியங்கள். பாட்டின் சொற்கள் சில. அவையே மீண்டும் மீண்டும் வரும். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைந்து, ஆடுவோர் கால்கள் நிலங்கொள்ளாத நிலையை எட்டும். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை அப்பாடல்கள். ஆனால் அச்சமூகத்தின் இன்றைய பேச்சுமொழி சிங்களம். மொழி கைநழுவிப் போன பின்னரும் பாட்டு மட்டும் நாவில் நிற்கின்றது. பாடுவோர்க்கே பல சொற்களின் பொருள் விளங்குவதில்லை.

இலங்கையின் பைலா இசையும் இத்தகைய ஆபிரிக்க, போர்த்துக்கேயக் கலப்பில் முளைத்ததே. அதனைச் சிங்களத்தில் பரப்பிப் புகழ் பெற்றவர் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் அவர்கள். சிறாம்பியடியின் மஞ்சாவும் அமெரிக்கரின் சோலும் ஒன்றென்று கூறுவது பிழை. எனினும் அவை ஆபிரிக்கா என்னும் ஒரே பெருமரத்தின் இரு கிளைகள். நள்ளிரவில் நாம் திருட்டுத்தனமாகக் கேட்ட அந்நியத் தாளத்தின் உறவுமுறைத் தாளமொன்று, அயலூர் முற்றத்தில் பல தலைமுறைகளாக ஒலித்துவந்தது. தந்தையாரும் அறியவில்லை, நாமும் அறியவில்லை.

அன்று வானொலிப் பெட்டியருகே கூடிய இளைஞர் இன்று பாட்டன், பாட்டியர். மாணவ மணிகளே, அவர்கள் கேட்ட பாடல்களையும் கண்ட மேடைகளையும் கேட்டு எழுதி வையுங்கள். புத்தளம் மாவட்டத்துப் பிள்ளைகள் சிறாம்பியடிக்கும் ஒருமுறை செல்லுங்கள். வேடிக்கை பார்ப்போராயன்றி, விருந்தினராய் அமர்ந்து கேளுங்கள். ஒலிநாடா பாட்டின் ஓசையைக் காக்கும். மறுமொழி பாட மனிதர்தாம் வேண்டும். அவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.